குட்டிக் கார் படத்தில் பொம்மையாகவே தெரிவது ஏன்? சேகரிப்பிலும் படமெடுப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குட்டிக் கார் சேர்ப்பதிலும் படமெடுப்பதிலும் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் ஒரு சின்ன எண்ணைக் கண்டுகொள்ளாததால் வருபவை. பெட்டியிலோ காரின் அடித்தட்டிலோ 1:64, 1:43, 1:18 என்று போட்டிருப்பார்களே, அந்த எண்தான். 1:64 என்றால் நிஜக் கார் இதைப் போல 64 மடங்கு நீளம். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வாங்கும்போதும் சரி, கேமராவைத் தூக்கும்போதும் சரி, யாரும் 64-ஆல் பெருக்கிப் பார்ப்பதில்லை.

வாங்குவதிலிருந்து தொடங்கலாம். கடையில் அட்டையோடு தொங்கும் சின்னக் கார் எல்லாமே 1:64 என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கிலாந்தின் லெஸ்னி நிறுவனம் 1953-ல் மேட்ச்பாக்ஸ் வரிசையைத் தொடங்கியபோது, தீப்பெட்டி மாதிரியான பெட்டிக்குள் வண்டி அடங்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. விகிதம் அதற்கேற்ப வளைந்து கொடுத்தது. 1968-ல் மேட்டல் கொண்டுவந்த ஹாட் வீல்ஸிலும் இதே கதைதான். அட்டைக்குள் அடங்கினால் போதும். ஜப்பானின் டோமிகா கொஞ்சம் நேர்மை, அடித்தட்டிலேயே 1/59, 1/61 என்று பொறித்துவிடும்.

அம்பாசடர் ஏறக்குறைய 4.3 மீட்டர் நீளம். 64-ஆல் வகுத்தால் 6.7 சென்டிமீட்டர் வரும். மாருதி 800-க்கு 5.2 சென்டிமீட்டர். 11 மீட்டர் பேருந்து என்றால் 17 சென்டிமீட்டர் இருந்தாக வேண்டும். எட்டு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பேருந்தை விற்றால் அது 1:64 இல்லை, அதில் பாதிகூட இல்லை. அலமாரியில் நிற்கும்வரை இதனால் ஒன்றும் குடி முழுகாது. இரண்டையும் ஒரே சாலையில் நிறுத்திப் படமெடுக்கும்போதுதான் பேருந்து ஓட்டுநரைவிடக் கார் ஓட்டுநர் இரண்டு மடங்கு உயரமாக இருக்க வேண்டிய நிலை வரும். ஆகவே படமெடுக்கும் எண்ணம் இருந்தால் நிஜ வண்டியின் நீளத்தைத் தேடிப் பார்த்து, வகுத்துவிட்டு வாங்குங்கள். பேருந்தையும் காரையும் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் பேருந்தைப் பின்னால் தள்ளி நிறுத்திச் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்தது ஆண்டு. ஹாட் வீல்ஸ் அடித்தட்டில் 1969 என்று பொறித்திருந்தால், அது 1969-ல் செய்த கார் என்று நம்பிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அந்த வடிவமைப்புக்கு உரிமை பதிந்த ஆண்டு. அதே அச்சில் பல பத்தாண்டுகள் கழித்தும் கார் வார்ப்பார்கள். 2008 முதல் வந்தவற்றில் ஒரு எழுத்தும் இரண்டு இலக்கமும் கொண்ட குறியீடு தனியாக இருக்கும். எழுத்து ஆண்டையும் இலக்கம் வாரத்தையும் சொல்லும். பழசு என்று சொல்லி விற்கும் காரில் இந்தக் குறியீடு இருந்தால், பேரம் பேசாமல் நகர்ந்துவிடலாம்.

ஹாட் வீல்ஸில் அரிதாகக் கிடைக்கும் சூப்பர் ட்ரெஷர் ஹன்ட் வரிசை என்று சொல்லி விற்பவற்றில் இன்னும் கவனம் வேண்டும். பளபளப்பான ஸ்பெக்ட்ராஃபிளேம் பெயின்ட், ரப்பர் டயர் இரண்டும் அதன் முக்கிய அடையாளம் என்பதால், சாதாரணக் காரைப் பிரித்துப் பெயின்ட் அடித்து டயர் மாற்றிவிடுகிறார்கள். அடித்தட்டிலுள்ள ரிவெட்டைப் பாருங்கள். துளைபோட்ட தடமோ பசையோ தெரிந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள்.

அட்டையைப் பிரிக்கலாமா, வேண்டாமா? பிறகு விற்கத்தான் வாங்கினீர்கள் என்றால் வேண்டாம். படமெடுக்க வாங்கினீர்கள் என்றால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வைத்துக் காப்பாற்றுவதில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: ஈரப்பதம். கடலோர ஊர்களில் காரை ஸ்பான்ஜில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் அடைப்பதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பும். சிலிக்கா ஜெல் போடுங்கள், போட்டால் மட்டும் போதாது, அவ்வப்போது மாற்றுங்கள். வெயில் நேராகப் படும் ஜன்னலோர அலமாரி இன்னொரு தவறு. சிவப்பு முதலில் வெளுக்கும், பிறகு ஸ்டிக்கர் மஞ்சளாகும். மென்மையான டயர் உள்ள பெரிய மாடல்களில், டயருக்குள் இருக்கும் பிளாஸ்டிசைசர் மெல்ல வெளியேறி, கீழேயுள்ள பிளாஸ்டிக் தட்டையே கரைத்து ஒட்டிக்கொள்ளும். பெட்டியோடு வந்த திருகாலேயே தட்டில் பொருத்தி, டயர் தரையில் படாமல் சற்றுத் தூக்கி வைப்பது பழைய கைகள் செய்யும் வேலை.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி என்ற இங்கிலாந்துப் பொம்மைக் கார்களை ஏலத்தில் எடுக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அவற்றில் சில தானாகவே வெடித்து, உப்பி, உதிரும். துத்தநாகக் கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டதால் வரும் நோய் அது. மருந்து கிடையாது. ஆனால் பக்கத்துக் காருக்குத் தொற்றும் என்று பயந்து எல்லாவற்றையும் பிரித்து வைக்க வேண்டியதில்லை, அது தொற்றாது.

துடைப்பதற்குத் தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் எடுத்தால் அழுக்கோடு அச்சிட்ட எழுத்தும் போய்விடும். மேக்கப் பிரஷ் போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி படும்.

சரி, கேமரா. இங்கேதான் அந்த எண் உண்மையில் வேலை செய்கிறது.

நின்றபடி மேலிருந்து எடுப்பதுதான் முதல் தவறு. நிஜக் காரைப் பார்க்கும் மனிதனின் கண் தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 64-ஆல் வகுத்தால் 2.5 சென்டிமீட்டர். 1:43 என்றால் 3.7, 1:18 என்றால் 9. லென்ஸின் மையம் அந்த உயரத்தில் இருக்க வேண்டும். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும். ஓரடி மேலிருந்து எடுத்தால், நிஜ உலகத்தில் ஆறாவது மாடி மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்த மாதிரி ஆகும்.

அடுத்தது பின்னணி மங்கல். அழகு என்று நினைத்து மங்கலைக் கூட்டுகிறார்கள், கார் பொம்மையாகிவிடுகிறது. 50 மில்லிமீட்டர் லென்ஸை f/2.8-ல் வைத்தால் ஒளி நுழையும் அதன் திறப்பு ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். அந்தக் குட்டி உலகத்தின் கணக்கில் அது 1.15 மீட்டர் அகலமான லென்ஸ். அப்படியொரு லென்ஸால் எடுத்த தெருப் படத்தை யாரும் பார்த்ததில்லை, அதனால் கண் நம்ப மறுக்கிறது. f/16-க்குப் போனால் 20 சென்டிமீட்டராகக் குறையும். ட்ரைபாடும் டைமரும் வேண்டியிருக்கும், பரவாயில்லை. முன்பக்கம் முதல் பின்பக்கம் வரை தெளிவு வேண்டுமென்றால் ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படம் எடுத்து இணைக்கலாம்.

சுவாரசியம் என்னவென்றால், போனின் முக்கியக் கேமராவின் திறப்பு சுமார் 4 மில்லிமீட்டர்தான். இந்த வேலைக்கு அது பெரிய கேமராவைவிட வசதி. ஆனால் போன் தரும் இரண்டு வசதிகளை அணைத்துவிடுங்கள். ஒன்று போர்ட்ரெய்ட் மோட், பக்கக் கண்ணாடியையும் ஆன்டெனாவையும் வெட்டித் தின்றுவிடும். இன்னொன்று தானாக மாறும் மேக்ரோ. பல போன்களில் அது அகலக்கோண லென்ஸ் என்பதால் பானெட் பலூனாக உப்பித் தெரியும். சற்றுப் பின்னால் நகர்ந்து, 2x வைத்து, பிறகு வெட்டிக்கொள்வது நல்லது.

பின்னணிக்கு மடிக்கணினித் திரையில் மலைச்சாலைப் படத்தை வைப்பது வழக்கமாகிவிட்டது. தவறில்லை, ஆனால் தொடுவானம் பொருந்துவதே இல்லை. இதில் கற்றுக்கொள்ள வேண்டியவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த மைக்கேல் பால் ஸ்மித், 2018-ல் மறைந்தார். எல்ஜின் பார்க் என்று ஒரு கற்பனை ஊரையே 1:24 கார்களை வைத்துப் படங்களில் கட்டினார். வெளியே ஒரு மேசையைப் போட்டு, அதில் கார்களையும் தானே செய்த கட்டடங்களையும் வைத்து, பின்னால் தெரியும் நிஜ மரங்களோடும் வீடுகளோடும் சேர்த்துச் சாதாரணக் கையடக்கக் கேமராவில் எடுப்பார். கணினியில் ஒட்டு வேலை கிடையாது. இந்த முறை பலிப்பதற்குக் காரணம் உயரம். மேசை மார்பளவு இருக்கட்டும். லென்ஸ் மேசைக்கு மேல் 6.7 சென்டிமீட்டரில் இருந்தால் அது 1:24 மனிதனின் கண்மட்டம். அதே லென்ஸ் நிஜத் தரையிலிருந்து பார்த்தாலும் நம் கண்மட்டத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டு உலகத்துக்கும் ஒரே தொடுவானம், படம் ஒட்டிக்கொள்கிறது. மேசை விளிம்பை மட்டும் ஒரு சின்ன மதிலோ புதரோ வைத்து மறைத்துவிட வேண்டும்.

வெளிச்சம் பற்றி ஒன்றே ஒன்று. சூரியன் வானத்தில் அரை பாகை அகலம்தான், அதனால்தான் நிழல் கூராக விழுகிறது. மேசை விளக்கைப் பக்கத்தில் வைத்துவிட்டு வெயில் காட்சி என்று சொல்லாதீர்கள். காலை வெயிலில் மொட்டைமாடிக்குப் போங்கள். மேகமூட்டமான காட்சிக்கு டியூப்லைட் போதும், ஆனால் அதன் வெள்ளைக் கோடு காரின் கூரையில் தெரிகிறதா என்று பாருங்கள். உங்கள் விரலும் தெரியும்.

தரைதான் அதிகம் காட்டிக்கொடுப்பது. நிஜத் தார்ச்சாலையில் 1:64 காரை நிறுத்தினால், ஒரு சென்டிமீட்டர் ஜல்லி 64 சென்டிமீட்டர் பாறையாகிவிடும். 120 எண் கறுப்பு உப்புத்தாளின் பொடி ஏறக்குறைய 0.12 மில்லிமீட்டர், பெருக்கினால் 8 மில்லிமீட்டர் ஜல்லி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நல்ல சாலை அது. மண் வேண்டுமென்றால் மணலை மாவு சல்லடையில் சலித்துக் கீழே விழுவதை எடுங்கள். மழைக்காட்சியில் 3 மில்லிமீட்டர் நீர்த்துளி பானெட்டில் 19 சென்டிமீட்டர் குமிழாக நிற்கும். தண்ணீரைச் சின்னதாக்க வழியில்லை. காரை விட்டுவிட்டுச் சாலையை மட்டும் லேசாக ஈரமாக்கினால் மழை பெய்து ஓய்ந்தது போலத் தெரியும்.

ஓடும் காராகக் காட்ட ஆசைப்படுகிறவர்கள் மறப்பவை இரண்டு. 1:64 கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரம் திரும்பாது, வளைவில் நிறுத்தினால் கார் நேரே பள்ளத்துக்குள் போகப்போவதாகத் தெரியும். அப்புறம், பின்னணி பறக்கிறது, தூசி எழும்புகிறது, உள்ளே ஓட்டுநர் இருக்கையில் ஆளில்லை. கண்ணாடியில் வானம் பிரதிபலிக்கும்படி காரைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டால் அந்தக் கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள்.