நெல்லைச் சீமையிலிருந்து ஓர் உலக இசைவிழாவைக் கேட்பது எப்படி

நம் ஊர்ப்பக்கம் ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்றால், கோவில் கொடையின்போது இரவில் மேடை போட்டுத் திரைப்பாடல் பாடும் குழுதான் முதலில் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரையில் அச்சொல் மேற்கத்தியச் செவ்விசைக் குழுவைக் குறிக்கிறது: வயலின் தொடங்கி டிம்பனி முரசு வரை எண்பது முதல் நூறு பேர் ஒரே மேடையில் அமர்ந்து, தத்தம் பகுதி எழுதிய தாளைப் பார்த்து, ஒரு நடத்துநரின் கையசைவுக்கு ஏற்ப வாசிக்கும் குழு அது. ஐரோப்பாவில் கோடைதோறும் இத்தகைய குழுக்களும், தனிக் கலைஞர்களும், இருபது வயதுகூட நிரம்பாத இளம் வாசிப்பாளர்களும் கூடும் விழாக்கள் நடக்கின்றன. பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ வயலின் கற்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் அவற்றை வீட்டிலிருந்தே உருப்படியாகக் கேட்பதற்கு என்ன ஆயத்தம் வேண்டும் என்பதை, பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் விழாவைத் தேர்ந்துகொள்ள வேண்டும். லண்டனில் 1895-இல் தொடங்கிய ப்ராம்ஸ் (Proms) விழா, 1941 முதல் ராயல் ஆல்பர்ட் ஹாலை இருப்பிடமாகக் கொண்டு, ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை நடக்கிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் விழா 1920-இலும், சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் விழா 1938-இலும், ஸ்காட்லாந்தின் எடின்பரோ விழா 1947-இலும் தொடங்கியவை. இளையோரை முன்னிறுத்தும் விழாக்கள் என்று பார்த்தால், ஆல்ப்ஸ் மலையூரான வெர்பியரில் 1994 முதல் நடக்கும் விழாவும், பல நாட்டு இளையோர் இசைக்குழுக்களை அழைத்து பெர்லினில் 2000 முதல் நடத்தப்படும் யங் யூரோ கிளாசிக் விழாவும் முதன்மையானவை. கற்கும் பிள்ளைக்குப் புகழ்பெற்ற பெரியவர்களின் வாசிப்பைக் காட்டுவதைவிட, அதன் வயதை ஒட்டியவர்கள் வாசிப்பதைக் காட்டுவதே பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இவ்விரண்டில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள் என்பேன். மேலே சொன்ன எல்லா விழாக்களும் ஏறக்குறைய குற்றாலத்தில் சாரல் விழும் காலத்தை ஒட்டி, ஆனிக் கடைசிக்கும் ஆவணி முடிவுக்கும் இடையில் நடப்பவை என்பதால், காலத்தை நினைவில் வைப்பது நமக்கு எளிது.

கோடைகாலத்தில் லண்டன் நேரம் நம் நேரத்துக்கு நான்கரை மணி பின்தங்கியிருக்கும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகியவை மூன்றரை மணி பின்தங்கியிருக்கும். லண்டனில் மாலை ஏழரைக்குத் தொடங்கும் கச்சேரி நமக்கு நள்ளிரவு பன்னிரண்டு மணி. வெர்பியரில் ஆறரைக்குத் தொடங்குவது நமக்கு இரவு பத்து மணி. மறுநாள் பள்ளி இருக்கும் பிள்ளையை இதற்காகக் கண்விழிக்க வைக்க வேண்டாம். பதிவை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கேட்டாலும் இசை அதே இசைதான். ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல நிறுவனம் யூடியூபில் செவ்விசைக்கென்றே நடத்தும் ஓடையில் முழுக் கச்சேரிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கருவியைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். டபுள் பாஸ் எனப்படும் பெரிய தந்திக் கருவியின் அடித்தந்தி வினாடிக்கு 41 அதிர்வு அளவில் ஒலிப்பது. சின்ன ஒலிபெருக்கி அதைத் தராது. அடித்தளம் இல்லாத இசையைக் கேட்டுவிட்டு ‘இது வெறும் கீச்சு’ என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். சாதாரண இயர்போனே போதுமானது; சற்றுப் பெரிய ஸ்பீக்கர் பெட்டி இருந்தால் குடும்பமே சேர்ந்து கேட்கலாம்.

அடுத்து வருவதுதான் இந்த வழிகாட்டியின் உயிர்நாடி. விழா முழுவதையும் கேட்க முயலாமல், ஒரே ஒரு மாலையைத் தேர்ந்து, அந்த மாலையிலும் ஒரே ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு, அதனோடு மூன்று வாரம் பழகுங்கள். பைரவியில் ஒரு கீர்த்தனையை நூறு முறை கேட்டவர்தான் நூற்றோராவது முறை ஒரு வித்துவான் செய்யும் சிறு மாற்றத்துக்குத் தலையசைக்கிறார். அந்தப் பழக்கமே இங்கும் வேண்டியது.

முதல் படைப்பாக நான் எப்போதும் கொடுப்பது செக் நாட்டு இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனி, அதாவது ஆர்க்கெஸ்ட்ராவுக்கென எழுதிய பல பகுதிப் பெரும்படைப்பு. ‘புதிய உலகிலிருந்து’ என்ற பெயர் கொண்ட இது 1893 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் அரங்கேறியது. இளையோர் குழுக்கள் அடிக்கடி எடுத்து வாசிப்பது. நான்கு பகுதிகளுமாகச் சேர்ந்து முக்கால் மணி நேரத்துக்குள் முடிவது. இதைத் தேர்ந்ததற்குக் காரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் இங்கிலீஷ் ஹார்ன் என்னும் கருவி தனித்து ஒரு மெட்டை வாசிக்கும். பெயரைப் பார்த்து அதைக் கொம்பு வகை என்று எண்ண வேண்டாம். ஓபோ என்னும் துளைக்கருவியின் குடும்பத்தைச் சேர்ந்த அக்கருவி, நாகசுரத்தைப்போலவே இரட்டை நாணல் தட்டை வைத்து ஊதுவது. அந்த மெட்டின் தொடக்க அடிகளோ முழுக்க மோகனத்தின் சுரங்களில் அமைந்தவை: க ப ப, க ரி ச, ரி க ப க ரி. சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு மாணவனின் தாத்தா, தவில் வாசித்தவர், இந்த இடத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, “இது சீவாளிச் சத்தம்லா!” என்றார். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரருக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

முதல் வாரம் அந்த இரண்டாம் பகுதியை மட்டும், நாளுக்கு ஒருமுறை, வேறு வேலை எதுவும் செய்யாமல் கேளுங்கள். பிள்ளை மெட்டைச் சுரப்படுத்திப் பாடட்டும், பிறகு வயலினில் எடுக்கட்டும். இறுதியில் அதே மெட்டு மிகச் சில தந்திக் கருவிகளில், தொண்டை அடைத்தவர் பேசுவதுபோல இடையிடையே நின்று நின்று வரும் இடத்தை அவர்களாகவே கண்டுபிடிக்கும்வரை நீங்கள் சொல்லாதீர்கள். இரண்டாம் வாரம் முதல் பகுதியையும் நான்காம் பகுதியையும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் பகுதியில் ஹார்ன்கள் (இவை வளைந்த பித்தளைக் கருவிகள்) எழுப்பும் கருப்பொருள் மற்ற மூன்று பகுதிகளிலும் மாறுவேடத்தில் திரும்ப வருகிறது. எங்கே வருகிறது என்று வேட்டையாடுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சிம்பொனி முழுவதிலும் பெரிய ஜால்ரா போன்ற சிம்பல் ஒரே ஒருமுறைதான், அதுவும் நான்காம் பகுதியில் மெல்லத்தான், ஒலிக்கிறது. அதைப் பிடித்துவிட்டேன் என்று ஓடிவந்து சொல்லும் பிள்ளை, தான் அறியாமலே முழுப் பகுதியையும் கவனத்தோடு கேட்டிருக்கும். மூன்றாம் வாரத்தில் ஐ.எம்.எஸ்.எல்.பி தளத்திலிருந்து இசைத்தாளை இலவசமாக இறக்கி, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, விரலால் தொடர்ந்தபடி கேளுங்கள்.

கர்நாடக இசையில் பழகிய காதுக்கு இங்கே உண்மையான தடை ஒன்று உண்டு, அதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நமக்குத் தம்பூரா கச்சேரி முடியும்வரை ஒரே சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே சட்ஜமே இடம் பெயரும். மேடையில் தம்பூரா இல்லாததைவிட, மனத்துக்குள் ஓடும் தம்பூராவை அவர்கள் நகர்த்திவிடுவதுதான் நம்மவரைக் களைப்படையச் செய்கிறது. இதற்கு ஓர் எளிய பயிற்சி இருக்கிறது. த்வோர்ஷாக்கின் முதல் பகுதிக்கு ஆதார சுருதி மூன்று கட்டை (மேற்கத்தியப் பெயரில் ஈ). இரண்டாம் பகுதி ஒன்றரை கட்டையில் நிலைகொள்கிறது. இடையிலுள்ள பாலமாக, இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் பித்தளைக் கருவிகள் மிக மெதுவாகச் சில கூட்டொலிகளை வாசித்து, கேட்பவரை மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக்கு இறக்கிக் கொண்டுவருகின்றன. சுருதிப் பெட்டியை முதலில் மூன்றில் வைத்து அந்தத் தொடக்க ஒலியோடு பொருத்திப் பாருங்கள். பாலம் முடிந்ததும் ஒன்றரைக்கு மாற்றுங்கள். ஐரோப்பியக் குழுக்கள் சில வழக்கமான அளவைவிடச் சற்றே ஏற்றிச் சுருதி சேர்ப்பதால் பெட்டியின் நுண்திருகைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருக்கும். நாலைந்து முறை இப்படிச் செய்தபின், பெட்டி இல்லாமலே சட்ஜம் நகர்வதைக் காது உணரத் தொடங்கும். தேவாலயப் பாடகர் குழுவில் நான்கு குரலில் பாடிப் பழகிய பிள்ளைகளுக்கு இது விரைவில் கைவருகிறது. கோவில் இசையில் வளர்ந்த பிள்ளைகள் தனி மெட்டின் நெளிவுகளை அவர்களைவிட நுட்பமாகப் பிடிக்கிறார்கள். இருவகைப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்கச் செய்வதுதான் நம் ஊரில் இயலும் பெரிய வசதி, அதை வீணாக்கலாகாது.

வயலின் நம் சீமைக்கு அயலானதும் அன்று. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அக்கருவியை ஐரோப்பியரிடம் கற்றுக் கர்நாடக இசைக்குப் பொருத்திய முன்னோடி. எட்டயபுரம் அரண்மனையின் ஆஸ்தான வித்துவானாக விளங்கியவர். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்ததும் அதே எட்டயபுரத்தில்தான். அவர் ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்த நோட்டுஸ்வரங்கள் நமக்கு மிகப் பொருத்தமான பாலபாடம். சங்கராபரணத்தின் சுரங்களில் கமகமின்றி நேராக நிற்பவை ஆதலால், ‘சக்தி சஹித கணபதிம்’ வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு மேற்கத்திய மெட்டு ஒன்றைத் தாளிலிருந்து படித்து வாசிப்பது பாதி வந்ததுபோலத்தான்.

கேட்பதோடு நில்லாமல் என்றாவது இத்தகைய விழாவில் வாசிக்க வேண்டும் என்று விரும்பும் பிள்ளைக்கு, முதலில் தகுதி விதிகளைப் படித்துக் காட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றிய இளையோர் இசைக்குழு ஒன்றிய நாடுகளின் குடிமக்களுக்கு மட்டுமானது. வெர்பியர் விழாவோ பல நாட்டவரையும் ஏற்று, 15 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு ஓர் இளையோர் குழுவும், 18 முதல் 28 வரையுள்ளோருக்கு மற்றொரு குழுவும் நடத்துகிறது. இத்தகைய தேர்வுகளில் பொதுவாகக் கேட்பவை ஒரு கான்செர்டோவின் (தனிக் கருவியை முன்னிறுத்தி ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் படைப்பின்) முதல் பகுதியும், சிம்பொனிகளிலிருந்து எடுத்த சில கடினமான துணுக்குகளும். வயலினுக்கு மோட்சார்ட்டின் 39-ஆம் சிம்பொனியின் இறுதிப் பகுதி அடிக்கடி வரும்.

நம் பிள்ளைகள் தோற்பது விரல் வேகத்தில் அன்று, தாளைப் பார்த்தவுடன் வாசிப்பதில். கேட்டதைக் கேட்டபடி மனத்தில் ஏற்றிக்கொள்ளும் திறன் இவர்களுக்கு மிகுதியாதலால், படிக்கும் பழக்கத்தை யாரும் வற்புறுத்துவதில்லை. நாள்தோறும் பத்து நிமிடம், முன்பு பார்த்திராத ஒரு பக்கத்தை, தவறினாலும் நிற்காமல் வாசிக்கச் செய்யுங்கள். வாரம் ஒருமுறை இன்னொரு மாணவரோடு இரட்டையாக வாசிக்கச் செய்யுங்கள். ஓய்வுக் காலத்தை எண்ணுவதும் ஒரு பாடமே. த்வோர்ஷாக்கின் அந்தச் சிம்பொனியில் டியூபா என்னும் பெரிய பித்தளைக் கருவியை வாசிப்பவர் இரண்டாம் பகுதியில் மட்டும் சில சுரங்களை ஊதிவிட்டு மற்ற நேரமெல்லாம் காத்திருக்கிறார், அந்தச் சில சுரங்கள் உரிய நொடியில் வந்தாக வேண்டும். ஆவர்த்தனம் எண்ணி வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் வரும்.

கர்நாடக வயலினைக் கைவிட்டுவிடுமாறு நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் இரண்டையும் ஒரே கருவியில் செய்வது நல்லதன்று. கர்நாடக முறையில் தந்திகள் ச-ப-ச-ப என்று பாடகரின் கட்டைக்கு ஏற்பச் சேர்க்கப்படுகின்றன. மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, ஈ என்று நான்கும் அடுத்தடுத்த பஞ்சம உறவில் மாறாமல் நிற்கின்றன, மேடையில் ஓபோ ஊதும் ஆறு கட்டை ஒலிக்கு அனைவரும் சேர்த்துக்கொள்கிறார்கள். நாள்தோறும் முறுக்கித் தளர்த்தினால் தந்தி சுருதியில் நிற்காது. முடிந்தால் மலிவான இரண்டாவது வயலின் ஒன்று வாங்கிவிடுங்கள். அமர்ந்து பாதத்தில் ஊன்றி வாசிப்பதற்கு ஒன்று, நின்று தாடைக்கடியில் பிடித்து வாசிப்பதற்கு ஒன்று என்று உடலும் குழப்பமின்றிப் பழகும்.

தேர்வுக்கான காணொளியைப் பெரும்பாலும் வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அதன் இரைச்சல் மெல்லிய இடங்களை விழுங்கிவிடும். வீட்டு முன்னறையைவிடப் பள்ளி மண்டபமோ தேவாலயக் கூடமோ நல்லது. அதுவும் விடியற்காலையில், ஒலிபெருக்கிகள் பாடத் தொடங்குமுன். வில்லேந்திய கையும் இடக்கை விரல்களும் ஒருசேரத் தெரியுமாறு கைப்பேசியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

நேரில் ஒருமுறையேனும் ஆர்க்கெஸ்ட்ராவைப் பார்க்க விரும்பினால் ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. மும்பை நரிமன் முனையிலுள்ள என்.சி.பி.ஏ அரங்கில், 2006-இல் நிறுவப்பட்ட சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா ஆண்டுதோறும் கச்சேரிப் பருவங்களை நடத்துகிறது. நாகர்கோவிலிலிருந்து மும்பை செல்லும் ரயில் நெல்லை சந்திப்பு வழியாகவே போகிறது. அரங்கில் கையால் தாளம் போடுவதும் இடையில் ‘பலே’ சொல்வதும் கூடாது, ஒரு படைப்பின் எல்லாப் பகுதிகளும் முடிந்தபின்னரே கைதட்ட வேண்டும் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இருக்கை வாங்கும்போது மேடைக்குப் பக்கத்து வரிசைக்கு ஆசைப்படாமல் மாடி இருக்கையைக் கேளுங்கள். கீழே முன்வரிசையில் அமர்ந்தால் முன்னால் இருக்கும் தந்திக் கருவிக்காரர்கள்தான் தெரிவார்கள். மேலே இருந்து பார்த்தால், மெட்டு ஓபோவிலிருந்து செல்லோவுக்கும் செல்லோவிலிருந்து ஹார்னுக்கும் கைமாறிப் போவதைப் பிள்ளை கண்ணாலேயே தொடரும்.