பென்சில் இல்லாத வாசிப்பு

இங்கிலாந்தில் கிரேக்கமும் லத்தீனும் படிக்கப் போன முதல் வருஷம், எனக்கென்று ஒரு நாவல்கூட வாசிக்கவில்லை. ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட் மட்டுமே 24 காண்டம், 15,000 வரிக்கு மேல். அகராதியைப் புரட்டிப் புரட்டி ராத்திரிக்கு 30 வரி தேறினால் பெரிது. அப்புறம் தமிழ்க் கதையைத் திறந்தாலும் கை பென்சிலைத் தேடும். வினைமுற்று எங்கே என்று கண் அலையும்.

மொழிபெயர்ப்புப் பயிற்சியைக் காலைக்கு மாற்றினேன். காண்டத்தை முதலில் ஆங்கிலத்தில் கதையாக வாசித்துவிட்டுத்தான் மூலத்துக்குப் போனேன். (ஆசிரியர்கள் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.) பாதி நேரம் மிச்சமானது. இரவு 9 மணிக்கு மேல் பென்சில் மேசையோடு சரி. படுக்கைக்கு ஒரு சிறுகதைத் தொகுப்பு மட்டும். பிடிக்காத கதையைப் பாதியில் விட்டுவிடுவேன். போன மாதம் ஒன்றை முடித்தேன், ஒரு அடிக்கோடுகூட இல்லாமல்.