செத்த அத்தை தாம்பூலத் தட்டோடு வந்தார்

அண்ணன் தம்பி மூன்று பேர், ஆளுக்கொரு காதல் நாவல் என்று தொடரை ஆரம்பித்தேன். முதல் நாவலில் செத்துப்போன பெரிய அத்தை மூன்றாவதில் நிச்சயதார்த்தத்துக்குத் தாம்பூலத் தட்டோடு வந்து நிற்கிறார், வாசகி ஒருவர் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. அதைவிடப் பெரிய சிக்கல், முதல் ஜோடியைக் கைவிட மனசில்லாமல் கல்யாணத்துக்குப் பிறகும் அவர்களுக்குள் சண்டை மூட்டிக்கொண்டே இருந்தேன். படிப்பவர்களுக்குச் சலித்துவிட்டது.

அப்புறம் ஒரு நோட்டு வாங்கி ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். பிறந்த வருடம், எந்த ரகசியம் யாருக்குத் தெரியும், யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் (இதில்தான் அதிகம் சறுக்குகிறோம், போன அத்தியாயத்தில் 'நீங்க', இதில் 'வாடா போடா'). ஒரு ஜோடியின் பிரச்சினை அந்த நாவலிலேயே முழுசாகத் தீர வேண்டும், குடும்பச் சொத்து வழக்கு மாதிரி பொதுவான ஒன்று மட்டும் அடுத்ததுக்கு இழுக்கலாம். கடைக்குட்டிக்கான பெண்ணை இரண்டாவது நாவலிலேயே, ஜெராக்ஸ் கடையில் அவனிடம் இரண்டு ரூபாய் சில்லறைக்கு மல்லுக்கட்டுபவளாக ஒரே ஒரு காட்சியில் காட்டிவிட்டேன். பழைய ஜோடிக்கு இனி நாவலுக்கு இரண்டு காட்சிதான், அதுவும் கதை நகர்ந்தால்.

அத்தையா? திருத்தும்போது சின்ன அத்தை ஆக்கிவிட்டேன்.