வேறு கம்ப்யூட்டரில் போட்டாலும் பிபிடியில் வீடியோ ஓட வேண்டுமா?

நம் லேப்டாப்பில் எல்லாம் அழகாக ஓடும். செமினார் ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் செருகி எஃப்5 அழுத்தினால் வீடியோ இருந்த இடத்தில் கறுப்புப் பெட்டி நிற்கும், "மீடியா கிடைக்கவில்லை" என்று ஒரு வரி வரும், தமிழ்த் தலைப்பெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். பவர்பாயின்ட்டைத் திட்டிப் பயனில்லை. அந்த ஃபைல் பாதி நம் லேப்டாப்பை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது, அது அங்கே போனதும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஆகவே போகிற இடத்தில் எதுவுமே இருக்காது என்று வைத்துக்கொண்டு ஃபைலைத் தயார் செய்ய வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, வீடியோ உண்மையிலேயே ஃபைலுக்குள் இருக்கிறதா என்று. பவர்பாயின்ட் 2007 வரை வீடியோ உள்ளே போகவே போகாது. வீடியோ எந்த டிரைவில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் பதிவாகும். 2010இலிருந்து தானாகவே உள்ளே வைத்துக்கொள்கிறது. அப்படியானால் இப்போது பிரச்சினையே இல்லையே என்று தோன்றும், ஆனால் இரண்டு இடத்தில் மாட்டுவோம். யாரோ எப்போதோ செய்த பழைய பிபிடி வடிவ ஃபைலையே எடுத்து ஸ்லைடை மட்டும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்றும் அந்தப் பழைய வழக்கம்தான், அதில் செருகும் வீடியோ வெளியேதான் நிற்கும். முதல் வேலையாக "சேவ் ஆஸ்" கொடுத்து புதிய வடிவமான பிபிடிஎக்ஸாக மாற்றிவிட்டு அப்புறம் வீடியோவைச் செருகுங்கள். இன்னொன்று, வீடியோவைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் இன்சர்ட் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தெரியாமல் அழுத்தி "லிங்க் டு ஃபைல்" கொடுத்துவிடுவது, அதுவும் முகவரியை மட்டும்தான் பதிவு செய்யும்.

கண்டுபிடிப்பது சுலபம். 80 எம்பி வீடியோவைச் செருகிய பிறகும் ஃபைல் 3 எம்பியில் நின்றால் வீடியோ உள்ளே இல்லை. ஃபைல் மெனுவில் இன்ஃபோ பக்கத்தில் "எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்" என்ற வரி தெரிந்தாலும் ஏதோ ஒன்று வெளியே இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் சந்தேகமா? ஃபைலை ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் பிபிடிஎக்ஸை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். பிபிடிஎக்ஸ் என்பதே ஒரு ஜிப் ஃபைல்தான். உள்ளே பிபிடி என்ற ஃபோல்டர், அதற்குள் மீடியா என்ற ஃபோல்டர், அதில் உங்கள் படமும் பாட்டும் வீடியோவும் வரிசையாக இருக்கும். அங்கே இல்லாதது ஹாலிலும் ஓடாது.

ஒரு மணி நேர வீடியோ, உள்ளே வைத்தால் ஃபைல் திறக்கவே தடுமாறுகிறது என்றால் லிங்க்தான் வழி. அப்போது புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு, பிபிடிஎக்ஸையும் வீடியோவையும் முதலில் அதற்குள் கொண்டுவந்து சேமித்துவிட்டு, அதன் பிறகு லிங்க் கொடுங்கள். இந்த வரிசை முக்கியம். பிறகு ஃபோல்டரை அப்படியே முழுசாக எடுத்துப் போனால் போதும். விண்டோஸில் எக்ஸ்போர்ட்டுக்குள் "பேக்கேஜ் பிரசன்டேஷன் ஃபார் சிடி" என்று ஒன்று இருக்கிறது, பெயரைப் பார்த்து இந்தக் காலத்தில் சிடியா என்று ஒதுக்கிவிட வேண்டாம், அதில் "காப்பி டு ஃபோல்டர்" கொடுத்தால் லிங்க் செய்த ஃபைல்களையும் சேர்த்து ஒரே ஃபோல்டரில் போட்டுக் கொடுத்துவிடும்.

வீடியோ உள்ளேயே இருந்தும் ஓடவில்லை என்பது அடுத்த தலைவலி. எம்பி4 என்பது வெறும் டப்பா, உள்ளே இட்லியா உப்புமாவா என்று மூடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே படத்தையும் சத்தத்தையும் எந்த முறையில் சுருக்கி வைத்திருக்கிறது என்பதுதான் முக்கியம், அந்த முறைக்குப் பெயர் கோடெக். எங்கும் ஓடக்கூடியது எச்.264 வீடியோவும் ஏஏசி ஆடியோவும் உள்ள எம்பி4. ஆனால் 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து புதிய ஐபோன்கள் வழக்கமாக எச்இவிசி என்ற வடிவத்தில்தான் பதிவு செய்கின்றன, பல ஆண்ட்ராய்டு போன்களிலும் அந்த வசதி உண்டு. விண்டோஸில் அதற்குத் தனியாக எக்ஸ்டென்ஷன் என்ற கூடுதல் மென்பொருள் வேண்டும், கல்லூரிக் கம்ப்யூட்டரில் அதை யார் போட்டு வைத்திருக்கப்போகிறார்கள்? ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" என்று மாற்றிவிட்டால் இனி எடுப்பவை எச்.264ஆக வரும். ஏற்கெனவே எடுத்தவற்றை விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரில் திறந்து கன்ட்ரோல்+ஜே அழுத்துங்கள், கோடெக் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று காட்டும்.

எச்.264 இல்லையென்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு மாற்றலாம். "ஃபாஸ்ட் 720பி30" என்ற தயார் அமைப்பே போதும். வகுப்பறைகளில் தொங்கும் பல புரொஜெக்டர்கள் 1024க்கு 768 அல்லது 1280க்கு 800 புள்ளிகள்தான் காட்டும், அதற்கு 4கே வீடியோவைச் சுமந்துகொண்டு போவது வீண். மாற்றிய பிறகுதான் ஸ்லைடில் செருக வேண்டும். டபிள்யூஎம்வி வீடியோவைத் தொடவே வேண்டாம், மேக்கில் அது பிரச்சினை செய்யும்.

வாட்ஸாப் வாய்ஸ் மெசேஜைப் பிபிடியில் போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ஓபஸ் என்ற வடிவத்தில் வருகிறது, பவர்பாயின்ட்டுக்கு அதைத் தெரியாது. விஎல்சியில் மீடியா மெனுவில் "கன்வெர்ட்/சேவ்" போய் எம்பி3யாக மாற்றிவிட்டுச் செருகுங்கள். யூடியூப் வீடியோவை ஆன்லைனாகச் செருகினால் ஹாலில் இன்டர்நெட் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் ஒவ்வொரு செமினாரிலும் யாராவது ஒருவர் மொபைல் ஹாட்ஸ்பாட் கேட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்.

இனி எழுத்து. தமிழில் பிபிடி செய்கிறவர்களுக்கு வீடியோவைவிட இதுதான் அதிகம் காலை வாரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது உண்மையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியதுதான். பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே தரமாக அறிவித்துவிட்டது, இன்னும் பாமினியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா? என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு மாற்றிவிடுங்கள். யூனிகோடில் இருந்தால் நீங்கள் தேர்ந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டாலும் நிர்மலா யுஐ போன்ற வேறொன்றில் தமிழாகவே தெரியும். என்ன, அகலம் மாறி வரி உடையும், ஆகவே பெட்டிகளில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். அழகு கெடக்கூடாது என்றால் ஆப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குப் போய் "எம்பெட் ஃபான்ட்ஸ்" டிக் செய்து எழுத்துருவையும் ஃபைலுக்குள்ளேயே வைக்கலாம். எல்லா எழுத்துருவும் இதற்கு அனுமதிக்காது, பழைய மேக் பவர்பாயின்ட்டும் மதிக்காது. தலைப்பு மட்டும்தான் அலங்காரம் என்றால் அதைப் படமாகச் சேமித்து ஒட்டிவிடுவது என் வழக்கம்.

ஹாலில் பவர்பாயின்ட்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ், கூகுள் ஸ்லைட்ஸ் இருந்தால் இரண்டிலும் பவர்பாயின்ட்டில் செய்த அனிமேஷன் அப்படியே வரும் என்று நம்ப வேண்டாம். கூகுள் ஸ்லைட்ஸில் கூகுள் டிரைவிலிருந்து வீடியோ சேர்த்திருந்தால் அந்த வீடியோவுக்கும் தனியாகப் பகிர்வு அனுமதி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவர் கணக்கில் அது திறக்காது.

பென்டிரைவில் பிபிடிஎக்ஸோடு அந்த வீடியோக்களைத் தனித்தனி ஃபைலாகவும் போட்டு வையுங்கள். ஸ்லைடில் சண்டித்தனம் செய்தால் விஎல்சியில் ஓட்டிவிட்டுத் திரும்பி வரலாம். எக்ஸ்போர்ட்டில் "கிரியேட் எ வீடியோ" கொடுத்து மொத்தப் பிபிடியையும் ஒரே எம்பி4ஆக எடுத்து வைத்தால் இன்னும் நிம்மதி. பென்டிரைவை ஃபார்மட் செய்யும்போது எக்ஸ்ஃபேட் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள், ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது.

ஹாலுக்குப் போனதும் பென்டிரைவிலிருந்தே ஓட்டாமல் ஃபைலை டெஸ்க்டாப்புக்குக் காப்பி செய்யுங்கள். மேலே மஞ்சள் பட்டை வந்தால் "எனேபிள் எடிட்டிங்" அழுத்துங்கள், அதற்கு முன் வீடியோ ஓடாமல் போகலாம். படம் வந்து சத்தம் வரவில்லையென்றால் பதற வேண்டாம், பெரும்பாலும் எச்டிஎம்ஐ வயர் வழியாகச் சத்தம் புரொஜெக்டருக்குப் போயிருக்கும். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி ஹால் ஸ்பீக்கர் எதில் இணைந்திருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஜூமில் என்றால் ஸ்கிரீன் ஷேர் செய்யும்போதே "ஷேர் சவுண்ட்" டிக் செய்துவிடுங்கள்.