சி-ல வாய்ட் பாயிண்டர் வச்சு எந்த டேட்டாவுக்கும் ஒரே லிங்க்டு லிஸ்ட்

இன்ட்டுக்கு ஒரு லிஸ்ட், ஸ்டூடண்ட் ஸ்ட்ரக்ட்டுக்கு ஒரு லிஸ்ட்னு அதே கோடைத் திரும்பத் திரும்ப எழுத வேணாம், நோட் ஸ்ட்ரக்ட்ல இருக்கற டேட்டா ஃபீல்டை வாய்ட் ஸ்டார்னு, அதாவது எந்த டைப்னு சொல்லாத பாயிண்டரா மாத்துங்க, பக்கத்துல வழக்கம்போல நெக்ஸ்ட் பாயிண்டர், அவ்ளோதான். இன்ட், டபுள், ஸ்ட்ரக்ட் எதோட அட்ரஸையும் அதுல போடலாம், சி-ல காஸ்ட் கூட தேவையில்ல. 1989 ஆன்சி ஸ்டாண்டர்டுக்கு முன்னாடி இதே வேலைக்கு கேர் ஸ்டாரைத்தான் வச்சு ஓட்டிட்டு இருந்தாங்க.

இப்போதான் முக்கியமான இடம். நோட்ல இருக்கறது டேட்டா இல்ல, வெறும் அட்ரஸ். ஃபார் லூப்ல ஒரே வேரியபிள்ல 10, 20, 30னு ஸ்கேன்எஃப் பண்ணி ஒவ்வொரு தடவையும் அதோட அட்ரஸை லிஸ்ட்ல சேத்தீங்கன்னா பிரிண்ட் பண்ணும்போது 30 30 30னு தான் வரும், ஏன்னா மூணு நோடும் அதே இடத்தைத்தான் பாக்குது. அது லோக்கல் வேரியபிளா இருந்து ஃபங்ஷனும் முடிஞ்சிருச்சுன்னா என்ன வரும்னே சொல்ல முடியாது.

அதனால லிஸ்ட்ல சேர்க்கற ஆட் ஃபங்ஷனுக்கு அட்ரஸ் கூடவே டேட்டாவோட சைஸையும் அனுப்புங்க. உள்ள நோடுக்கு மெமரி வாங்க ஒரு மாலாக், அந்த சைஸுக்கு இன்னொரு மாலாக், அப்புறம் டேட்டாவை அங்க காப்பி பண்ண மெம்காப்பி. ரெண்டாவது மாலாக் மெமரி கிடைக்காம நல் பாயிண்டர் குடுத்தா முதல்ல வாங்குன நோடை ஃப்ரீ பண்ணிட்டு திரும்பிடணும், இதை நிறைய பேர் எழுதறதே இல்ல. ஸ்ட்ரிங்குன்னா சைஸ் ஸ்டர்லென் பிளஸ் ஒண்ணு, அந்த ஒண்ணு கடைசில வர்ற நல் கேரக்டருக்கு. ஸ்ட்ரக்ட்டுக்குள்ள பேருக்குன்னு ஒரு கேர் ஸ்டார் இருந்தா மெம்காப்பி அந்த பாயிண்டரை மட்டும்தான் காப்பி பண்ணும், அது காட்டுற பேரு காப்பி ஆகாது, அதைத் தனியா நீங்கதான் பண்ணணும்.

திரும்ப எடுக்கும்போது வாய்ட் ஸ்டாரை நேரா டீரெஃபரன்ஸ் பண்ண முடியாது, இன்ட் ஸ்டாருக்கு மாத்திட்டு அப்புறம் ஸ்டார் போடுங்க. இன்ட்டை வச்சுட்டு டபுள்னு படிச்சாலும் கம்பைலர் வாயைத் திறக்காது, கலந்து போடறதா இருந்தா நோட்ல இது எந்த டைப்னு குறிக்க ஒரு எனம் (enum) ஃபீல்டு வச்சுக்கறது நல்லது.

லிஸ்டுக்கு டைப் தெரியாததால பிரிண்ட், கம்பேர் எல்லாம் ஃபங்ஷன் பாயிண்டரா வெளிய இருந்து வரணும், சி லைப்ரரில வரிசைப்படுத்தற க்யூசார்ட்டுக்கு கம்பேர் ஃபங்ஷன் குடுப்போமே, அதே மாதிரி. அழிக்கும்போது நெக்ஸ்டை முதல்ல எடுத்து வச்சுக்கிட்டு, டேட்டாவை ஃப்ரீ பண்ணி, அப்புறம் நோடை ஃப்ரீ பண்ணுங்க. நோடை முதல்ல விட்டுட்டா டேட்டாவோட அட்ரஸும் அதோட போயிடும். முடிச்சதும் மெமரி தப்பைக் கண்டுபிடிக்கற வால்க்ரைண்ட் டூல்ல ஒரு தடவை ஓட்டி, எத்தனை அலாக்கோ அத்தனை ஃப்ரீ காட்டுதான்னு பாத்துடுங்க.