கேமரா வழியே பேசும் பேச்சு தெளிவாகக் கேட்க

பல்லடம், சோமனூர்ப் பக்கத்துத் தோட்டத்துச் சாளை வீடுகளில் வயதான பெற்றோர் தனியே இருக்க, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கேமரா வழியாகவே அவர்களிடம் நலம் கேட்பதும் வாசலுக்கு வந்தவரை விசாரிப்பதும் வழக்கமாகிவிட்டது. படம் துல்லியமாகத் தெரிந்தும் பேச்சு புரியவில்லை என்றால், கேமராவை மாற்றுவதற்கு முன் குறை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வாசலில் ஒருவரைப் பத்தடி தள்ளி நின்று இயல்பான குரலில் பேசச் சொல்லி, அதைச் செயலியில் நேரலையாகவும், பிறகு மெமரி கார்டில் பதிவானதை எடுத்தும் கேளுங்கள். பதிவு தெளிவாக இருந்து நேரலை மட்டும் விட்டுவிட்டுக் கேட்டால் குறை பெரும்பாலும் இணையத்தில்தான்; பதிவே மங்கலாக இருந்தால் மைக்கையோ அது இருக்கும் இடத்தையோ கவனிக்க வேண்டும். கைப்பேசியைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்துச் சோதித்தால் ஊளைச் சத்தம் எழும், அது பழுதன்று.

என் அனுபவத்தில் பெரும்பாலான குறைகள் இடத்தைச் சார்ந்தவை. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று மைக்கின் துளையில் நேராக மோதினால், படபடவென்ற இரைச்சலில் குரல் அமுங்கிவிடும். ஆகவே கேமராவைக் கிழக்குப் பார்த்த சுவரில், தாழ்வாரத்துக்கு உள்ளே மாட்டுவது நல்லது. மின்விசிறியின் சீரான இரைச்சலை மென்பொருள் ஓரளவு வடிகட்டிவிடும். விசைத்தறியின் தடதடப்பை அவ்வளவு எளிதில் நீக்காது. அங்கே தூரத்தைக் குறைப்பதே வழி: திறந்த வெளியில் பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். துளையில் குளவி மண் வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மென்மையான தூரிகையால் துடைக்கலாமே தவிர, ஊசியால் குத்தக் கூடாது; உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும்.

கேமராவின் ஸ்பீக்கரை முழு அளவில் வைக்காமல் முக்கால் அளவில் வையுங்கள். ஒலி சிதைந்தால் எதிரொலியை நீக்கும் மென்பொருள் தடுமாறி, உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பி வரும்.

இணையம்தான் குறை என்றால், முதலில் படத்தின் தரத்தைக் குறைத்துப் பாருங்கள். குரலை டிஜிட்டலாக மாற்றி அனுப்பும் ஜி.711 முறையில் குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் போதும். படமே பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. சுவர்களைத் தாண்ட வேண்டிய இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை நன்றாக எட்டும்.

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேசக்கூடிய கேமராக்களும் உண்டு. அவற்றில் பொத்தானை அழுத்திப் பேசி, கையை எடுத்த பின் கேட்க வேண்டும். "நான் பேசி முடிச்சதுக்கப்புறம் நீங்க பேசுங்கம்மா" என்று வீட்டிலிருப்போருக்கு முன்பே சொல்லிப் பழக்கிவிடுங்கள். புதிதாக வாங்குவோர் இருவரும் ஒரே நேரத்தில் பேசக்கூடிய ஃபுல் டூப்ளெக்ஸ் வசதி உண்டா என்று கேட்டு, கடையிலேயே இருபுறமும் ஒரே நேரத்தில் பேசிப் பார்க்கலாம். வீட்டில் மாட்டிய பின், பக்கத்துத் தறிகள் ஓடும் நேரத்தில் ஒருமுறை சோதியுங்கள்.