தக்காளியின் அடியில் கருப்புத் தழும்பு

பணி ஓய்வுக்குப் பிறகு மல்லேஸ்வரம் வீட்டு மொட்டை மாடியில் பன்னிரண்டு பைகளில் தக்காளி வைத்தேன். தொக்கு கிளறி பாட்டிலில் அடைக்கும் ஆசை. காய் எலுமிச்சை அளவு வந்ததும் அடியில் நீர் கோத்ததுபோல் ஒரு வட்டம். சில நாளில் அது கருத்து, தோல்போல் உலர்ந்து உள்ளே அமுங்கியது.

பூஞ்சை என்று வேப்பெண்ணெய் தெளித்தேன். பயனில்லை. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றார்கள். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன். அது மண்ணில் கரைய மாதக்கணக்காகுமாம்! மூன்று வாரம் போயிற்று.

பிறகுதான் கவனித்தேன்: பூ உதிர்ந்த நுனியில் மட்டுமே தழும்பு. காம்புப் பக்கம் சுத்தம், இலைகளும் பச்சை. அதுவும் கைப்பிடிச் சுவரோரம் காற்றில் சீக்கிரம் காயும் பைகளில், நீள ரகத்தில்தான். பக்கத்து உருண்டை நாட்டுத் தக்காளிக்கு ஒன்றுமில்லை. மண் காய்வதும் திடீரென நனைவதுமாக இருந்ததால், சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு காயின் நுனிவரை போய்ச் சேரவில்லை.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை வாளி ஊற்றுவதை நிறுத்தினேன். தினமும் காலையில் பைக்கு ஒன்றரை லிட்டர், மேலே மூன்று விரற்கடைக்குத் தேங்காய் நார் மூடாக்கு. கெட்ட காய்கள் திருந்தவில்லை. அடுத்த கொத்தில் ஒரு தழும்பும் இல்லை. நேற்று நான்கு கிலோ பறித்துத் தொக்கு கிளறியாயிற்று.